பதினேழாம் எண் ஒட்டிய கண்ணாடி

பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவரை எல்லோரும் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து டயர் கடைக்காரர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்; அவருக்கும் அக்காதான். அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. குள்ளமான உருவம், பளு தூக்குகிறவர்களைப் போல அகன்ற தோள். கார்களுக்குக் கண்ணாடி மாற்றுவது தொழில். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் தூக்குவார். கண்ணாடி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைவிரித்த குடோன்காரர், கடை வாசலை அடைத்து வண்டியை விட்டுப்போன முகம் தெரியாத ஆள், வெயிலில் கிடந்து கெட்டுப்போன பசையை நல்ல பசை என்று தலையில் கட்டப் பார்த்த வியாபாரி, இப்படி அன்றைக்கு யார் வாய்த்தார்களோ அவர்கள்.

கடையில் இரண்டே பேர், அக்காவும் அவருடைய தம்பியும். கண்ணாடி சம்பந்தப்பட்டதையெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வார். மனிதர்கள் சம்பந்தப்பட்டதையெல்லாம் தம்பி பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாடு மட்டும் இல்லாவிட்டால் கடை மூன்றே மாதத்தில் படுத்திருக்கும் என்பது அக்காவின் வீட்டுக்காரர் கருத்து. அவர் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். வீட்டில் அக்கா சத்தம் போட்டால் ரேடியோ கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டே காய் நறுக்குவார்.

இந்தக் கடைக்கு முன்னால் அக்கா ஒரு பெரிய கண்ணாடிக் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். முதலில் போன் எடுக்கும் வேலை. நாளைக்கே வந்துவிடும் என்று, வராது எனத் தெரிந்தே நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அது அவருக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடி பொருத்தும் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டபோது சிரித்தார்கள். ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றது. அவர் உட்காரவைத்த கண்ணாடி ஒரு நூல்கூட விலகாது.

கடைசி இரண்டு வருடத்தில் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்த வாரமே சுவரில் தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரத்தை மாட்டினார். இனி ஒரு காருக்கு நாற்பது நிமிடம்தான் என்றார். பழைய கண்ணாடியை அறுத்து எடுக்க வேண்டும், அது ஒட்டியிருந்த இரும்பு விளிம்பைச் சுத்தம் செய்ய வேண்டும், புதுப் பசை வைத்துக் கண்ணாடியைப் பொருத்த வேண்டும், பசை இறுகும்வரை வண்டி சில மணி நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும். இதெல்லாம் நாற்பது நிமிடத்துக்குள் எங்கே அடங்கும்? பசைக்குக் கீழே கஸ்டமர் எட்டிப் பார்க்கவா போகிறார் என்று மேனேஜர் கேட்ட அன்று, அக்கா கையுறையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். தெருவில் அதைக் கேட்காதவர்கள் கிடையாது.

மாட்டு டாக்டர் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. அறுபதை நெருங்கியவர், மெல்லிய குரல். பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அவருடைய வண்டி பதினான்கு வருடம் ஓடிய ஹைப்ரிட் எஸ்யூவி. கொஞ்சம் பெட்ரோலில் ஓடும், கொஞ்சம் பேட்டரியில் ஓடும். அந்த மாடலைத் தயாரிப்பதையே கம்பெனி நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவருக்கு அதை விட மனமில்லை. தொழுவத்தை நெருங்கும்போது பேட்டரியில் சத்தமே இல்லாமல் ஊர்ந்து போகும். கன்று ஈனும் வலியில் இருக்கும் மாடு மிரளாது. போன வாரம் ஜல்லி லாரியிலிருந்து தெறித்த ஒரு கல், முன்கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவரை விரிசல் போட்டுவிட்டது.

வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போயிருக்கிறார். அங்கே டை கட்டிய ஒருவர் வெளியே வந்து வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. மாடலே நின்றுபோனது, கண்ணாடிக்கு எங்கே போவது என்று சொல்லிவிட்டு, புதுக் கார் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். டாக்டர் இதை மழை வருமா வராதா என்பதுபோல சாதாரணமாகச் சொன்னார். கேட்ட அக்காவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்ஜின் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு. கண்ணாடி உடைஞ்சா வண்டியையே தூக்கிப் போடணுமா? செருப்பு வார் அறுந்து போச்சுன்னு போனா காலை வெட்டிட்டு வான்னு சொல்லுவாங்களா இவங்க?”

எப்படியாவது கண்ணாடி கொண்டுவருகிறேன் என்று அக்காவே வாக்குக் கொடுத்தார். தம்பி பின்னால் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டியதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காததுபோல இருந்தார்.

முதலில் வந்த கண்ணாடி அதே வண்டியின் வெறும் பெட்ரோல் மாடலுக்கானது. அளவு சரி, வளைவு சரி. ஆனால் மழைத்துளியை உணரும் சென்சார் உட்கார இடமே இல்லை. திருப்பி அனுப்பினார். இரண்டாவது கண்ணாடி எல்லாம் சரியாக வந்தது. பெட்டியைத் திறந்தால் கீழ் மூலை நொறுங்கியிருந்தது; வழியில் யாரோ பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று அக்கா குடோன்காரரோடு போனில் பேசிய பேச்சைக் கேட்க டயர் கடைக்காரர் தன் காற்றடிக்கும் மெஷினை நிறுத்தினார். இனி போன் பண்ணாதீர்கள் என்று குடோன்காரர் சொல்ல, இனி பண்ணினால் என்னை என்னவென்று கேள் என்று அக்கா சொல்ல, மறுநாள் தம்பி தனியாகப் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தார்.

மூன்றாவது கண்ணாடி பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் கிடைத்தது. அதே மாடல், பின்பக்கம் அடிபட்டு நசுங்கிப்போன வண்டி; முன்பக்கம் குத்துக்கல் மாதிரி இருந்தது. கடப்பாரையால் நெம்பி எடுத்துத் தருகிறேன் என்றார் யார்டுக்காரர். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். அக்கா வண்டிக்கு உள்ளேயும் தம்பி வெளியேயும் நின்று, மெல்லிய இரும்புக் கம்பியைப் பசைக்குள் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மாற்றி மாற்றி மூன்று மணி நேரம் இழுத்து, கீறல் இல்லாமல் முழுக் கண்ணாடியையும் எடுத்துவந்தார்கள்.

அடுத்த நாள் காலை டாக்டர் வண்டியோடு வந்தார். அக்கா முதல் வேலையாக அவரிடமிருந்து சாவியை வாங்கி, கடையின் கடைசி மூலையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினார். ஹைப்ரிட் வண்டி ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. சாவி பக்கத்தில் இருந்தால் தெரியாமல் கை பட்டாலும் உயிர்வந்துவிடும். டாக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கம்பி உள்ளே போனதுமே அக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. ஓட்டுகிறவர் பக்கம் பசை அறுபட மறுத்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். பக்கத்து சீட் இருக்கும் பக்கத்தில் கம்பி தண்ணீரில் போவதுபோலப் போனது. கண்ணாடியைத் தூக்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு விளிம்பைப் பார்த்தார். இரண்டு சாண் நீளத்துக்குத் துரு. இரும்பு பப்படம் மாதிரி உப்பி, அடுக்கடுக்காகப் பெயர்ந்து நின்றது. அதற்குக் கீழே கத்திக் கீறல்கள். முன்பு கண்ணாடி மாற்றியவர் அவசரத்தில் பெயிண்டை இரும்புவரை கீறியிருக்கிறார். கீறின இடத்தில் துருப் பிடிக்காமல் காக்கும் பிரைமர் தடவாமல் அப்படியே பசையை வைத்து மூடியிருக்கிறார். பிரைமர் தடவ இரண்டு நிமிடம், அது காயப் பத்து நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்.

அக்கா டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டும்போதே குரல் ஏறிவிட்டது. இதைச் செய்தவன் மனிதனா, இவனுக்கு யார் கத்தியைக் கொடுத்தது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை கிடையாதா என்று கரித்துக்கொட்டினார். பசை பெயிண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பெயிண்ட் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்று விரலால் தட்டிக் காட்டினார். துரு உதிர்ந்தது.

“வண்டி எதுலயாவது மோதினா இந்த சீட்டுக்கு முன்னால காத்துப் பை விரியும் இல்ல, அது கண்ணாடியிலதான் முட்டிக்கிட்டு நிக்கணும். இந்தக் கண்ணாடி நின்னிருக்காது டாக்டர். பையோட சேர்ந்து பறந்திருக்கும்.”

டாக்டர் அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தன் மனைவிதான் உட்காருவார் என்றார். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனவர், பஸ்ஸில் ஏற முடியாது. எங்கே போனாலும் இந்த வண்டிதான். எங்கே கண்ணாடி மாற்றினீர்கள் என்று அக்கா கேட்டார். ஆறு வருடம் இருக்கும், ஏதோ பெரிய கம்பெனி, அரை மணியில் கொடுத்துவிட்டார்கள், அதனால் அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது என்றார் டாக்டர்.

அக்கா மேஜைக்குப் போனார். கவிழ்த்து வைத்த கண்ணாடியின் கீழ் ஓரத்தில், டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்துபோகும் கறுப்புப் பட்டையில் அவருடைய பழைய கம்பெனி ஆட்கள் வெள்ளிப் பேனாவால் எழுதுவார்கள்: பொருத்திய தேதியும் பொருத்தியவரின் எண்ணும். தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். தேதி தெரிந்தது. எண் பதினேழு. ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை அந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான் போடுவார்.

தம்பியும் பார்த்துவிட்டார். அவர் டாக்டருக்கு முதுகைக் காட்டி நின்று, தின்னர் நனைத்த துணியை மெதுவாக மேஜைமேல் நகர்த்தினார். ஒரு தடவை துடைத்தால் போதும், எழுத்து போய்விடும்.

“தொடாதே,” என்றார் அக்கா.

கண்ணாடியைத் தூக்கி நிமிர்த்தி, எழுத்து தெரியும்படி டாக்டர் பக்கம் திருப்பினார். “அந்தக் கம்பெனியில பதினேழாம் நம்பர் நான்தான், டாக்டர். இது நான் ஒட்டினது.”

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அக்கா கடிகாரத்தைப் பற்றியும் நாற்பது நிமிடத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் சத்தம் போடவில்லை.

“கால் வைக்கிற இடத்துல ஈர வாடை வருதுன்னு ஆறு வருஷமா சொல்லிட்டே இருந்தா அவ. நான் மாட்டு வாடைன்னு சொல்லி வாயை அடைச்சேன். நானும் அறுத்துத் தைக்கிற ஆளுதாம்மா. வயித்துக்குள்ள துணியை வச்சுத் தைச்சுட்டு, நேரமில்லைன்னு நான் சொன்னா விடுவீங்களா? மேனேஜர் கடிகாரம் மாட்டினாரு, சரி. கத்தி யார் கையில இருந்துச்சு?”

அக்கா கையிலிருந்த கண்ணாடியை மேஜைமேல் இறக்கி வைத்தார். வேறு கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றார் டாக்டர். கண்ணாடி இல்லாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது? அது அவருக்கும் தெரிந்துதான் கோபம் இன்னும் கூடியது. பையை எடுத்துக்கொண்டு, தம்பி ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றதையும் காதில் வாங்காமல், வெயிலில் நடந்து போய்விட்டார்.

அன்று வீட்டில் அக்கா மேனேஜரைத் திட்டினார். சரியாகப் பேசிவிட்டுப் போன டாக்டரைத் திட்டினார். துணியை நகர்த்திய தம்பியைத் திட்டினார். திட்ட ஆள் தீர்ந்ததும் சமையலறை வாசலில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி வைத்த ஒரு நாளைப் பற்றி நூறு தடவை பேசியாகிவிட்டது. அதற்கு முன்னால் அதே கையுறையைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த இரண்டு வருடத்தைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவசரம் மேனேஜருடையது, பாவமும் மேனேஜருடையது என்று எப்போது கணக்குத் தீர்த்தார் என்பது அவருக்கே ஞாபகமில்லை.

வீட்டுக்காரர் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார். “ரெண்டு வருஷத்துல எத்தனை வண்டி?”

ஆயிரத்துக்கு மேல் என்றார் அக்கா.

டாக்டரின் வண்டிக்கு நான்கு நாள் ஆனது. துருவைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, துரு மருந்து தடவி, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்து, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருந்தார். பிறகுதான் யார்டிலிருந்து எடுத்துவந்த கண்ணாடியைத் தம்பியோடு சேர்ந்து, கவ்விப் பிடிக்கும் ரப்பர் கப்பால் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகும் வண்டி ஒரு நாள் முழுக்க நின்றது. டாக்டர் வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடிமேல் பைப்பால் தண்ணீர் அடிக்கச் சொல்லித் தம்பியிடம் கேட்டார். அந்த சீட்டில் தானே உட்கார்ந்து அரை மணி நேரம் கால் பக்கம் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு போனார், நன்றி சொல்லவில்லை. சொல்லாமல் போகிறாரே என்று அக்காவுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே இன்னொரு கோபம் வந்தது.

மறுநாள் பழைய கம்பெனிக்குப் போனார். மேனேஜர் இப்போது தனி அறையில் இருந்தார். டீ சொல்லட்டுமா என்றார். அந்த இரண்டு வருடத்தில் பதினேழாம் எண் பொருத்திய வண்டிகளின் பட்டியல் வேண்டும், கூப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்து கொடுக்கப் போகிறேன் என்றார் அக்கா. அதெல்லாம் வெளியே கொடுக்கக் கூடாத விவரம் என்றார் மேனேஜர். பிறகு நல்லது சொல்கிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க பேரை நீங்களே ஏன் கெடுத்துக்கறீங்க? அதுல பாதி வண்டி இந்நேரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.”

“மீதிப் பாதியில ஆளுங்க உக்காந்து போயிட்டிருக்காங்க,” என்றார் அக்கா. அதற்குமேல் அவர் பேசிய சிலவற்றை இங்கே எழுத முடியாது. அறைக்கு வெளியே இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

திரும்பி வந்த கையோடு ஒரு தகரப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார். இன்ன கம்பெனியில், இன்ன இரண்டு வருடத்தில் முன்கண்ணாடி மாற்றியவர்கள் வண்டியைக் கொண்டுவரவும். பொருத்தியது பதினேழாம் எண் என்றால், தவறு இருந்தால், இலவசமாகத் திரும்பச் செய்து தரப்படும். அந்தப் பதினேழு நான்தான்.

பலகையைப் பார்த்த தம்பி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவை எதிர்த்துக் கத்தினார். நான் சரியாக ஒட்டவில்லை என்று வாசலிலேயே எழுதி மாட்டினால் எவன் இந்தக் கடைக்கு வருவான், ஷட்டரை நீயே இழுத்து மூடிவிடு என்றார். ஒன்பது நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் தூக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது மட்டும் நடந்தது.

பத்தாம் நாள் கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அக்கா அதை நின்றபடியே படித்தார். பிரஷ்ஷை எடுத்துப் பலகையில் கம்பெனியின் பெயரை மட்டும் அழித்தார்.

“பதினேழு என் நம்பர். அதுக்கு எவனும் நோட்டீஸ் விட முடியாது,” என்றார் யாரிடமோ. தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று சாயங்காலமே அவர் கார் கழுவும் இடங்களுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய், முன் சீட்டுக்குக் கீழே விரிப்பு ஈரமாகவே இருக்கும் வண்டி ஏதாவது வந்தால் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. வண்டிகள் வர ஆரம்பித்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

ஐந்து மாதத்தில் முப்பத்தொரு வண்டி வந்தது. ஓசியில் கிடைக்கிறது என்று வந்தவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு வேண்டிய வசவு கிடைத்தது, கண்ணாடி இல்லை. பத்தொன்பது வண்டி அக்கா பொருத்தியது. ஐந்தில் துரு. அதில் ஒன்று, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியின் வண்டி, டாக்டருடையதைவிட மோசம். மாட்டு டாக்டரிடமிருந்தும் இரண்டு தடவை போன் வந்தது. இந்தப் பண்ணையில் ஒரு வண்டி நிற்கிறது, அந்தக் கம்பெனியில்தான் கண்ணாடி மாற்றினார்களாம், அனுப்புகிறேன் என்பார். அக்கா சரி என்று சொல்வதற்குள் போனை வைத்துவிடுவார். நேரில் வரவே இல்லை.

வாடிக்கை கொஞ்சம் குறைந்தது, பிறகு கொஞ்சம் ஏறியது. மீதி வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று யாருக்கும் தெரியாது. சாலையில் போகும்போது அக்கா எதிரே வருகிற வண்டிகளின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வருவதாக வீட்டுக்காரர் தம்பியிடம் சொன்னார்.

சென்ற வாரம் டாக்ஸி ஓட்டும் ஒரு பெண் வந்தார். அக்கா ஓரப் பட்டையைக் கழற்றினார், தண்ணீர் அடித்தார், மெல்லிய தகட்டைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்தார். தேதிக்கு அந்தப் பெண் பழைய ரசீதை வைத்திருந்தார். டாக்டரின் வண்டிக்கு இரண்டே நாள் தள்ளி. அதில் ஆளும் பதினேழுதான். பசை கல் மாதிரி இருந்தது. துருவின் நிழல்கூட இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், நல்லா இருக்கு என்று அக்கா சொன்னார்.

“நல்லா இருக்குன்னு சொல்றீங்க, முகம் மட்டும் ஏன்க்கா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு?” என்றார் அந்தப் பெண்.

“அதே வாரம், அதே மேனேஜர், அதே கடிகாரம். உங்க வண்டிக்கு நல்லா செஞ்சிருக்கேன் இல்ல? அப்ப எல்லா வண்டிக்கும் அப்படிச் செஞ்சிருக்க முடியும்தானே?” என்றார் அக்கா.

டாக்ஸிக்காரப் பெண் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தம்பி அடுத்த வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். இப்படியா ஒடிப்பது, சுவர் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அக்கா அவரைத் திட்டிக்கொண்டே கையுறையை மாட்டினார்.